எந்தப் பொருளுக்கு எந்த அறை: ஒரு பழைய வீட்டை மாற்றி அமைத்த கதை

வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் மூன்று கணக்கு. பெரியவருக்கு, வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததெல்லாம் கண்ணெதிரே இருக்க வேண்டும். மகளுக்கு, உட்கார ஒரு நாற்காலியாவது காலியாக வேண்டும். மருமகனுக்கு ஒரு திட்டம் இருந்தது: ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு காலம், முன்னறை 19-ஆம் நூற்றாண்டு, சாப்பாட்டு அறை 1920-கள், படுக்கையறை 1950-கள். பழைய வீடுகளின் உள்ளறைகளை மாற்றி அமைப்பது என் தொழில், அதனால் இந்த மூன்றையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியில் செய்தது மூன்றிலும் சேராத ஒன்று. எந்தப் பொருள் வெயிலையும் ஈரத்தையும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதை மட்டுமே வைத்து அறை பிரித்தோம். எங்கே சரியாக வந்தது, எங்கே இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடும் சரக்கும்

நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. தடித்த செங்கல் சுவர், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மரத்தரை, உயரமான கூரை. முன்னறை மேற்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் வெயில் பாதித் தரை வரைக்கும் வந்துவிடும். அதை ஒட்டிச் சாப்பாட்டு அறை. பின்னால் ஜன்னலே இல்லாத நீளமான நடை, அதன் முடிவில் மாடிப்படி. மேலே படுக்கையறை, ஒரே ஒரு ஜன்னல். சமையலறையையும் குளியலறையையும் தொடவில்லை; நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள இடத்தில் பழம்பொருள் வைக்கிற யோசனையை முதலிலேயே கைவிடச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் வியாபாரி இல்லை, பிடித்ததை வாங்கினவர், அதனால் சேகரிப்பில் ஒரு வரிசை கிடையாது. ஆள் உயர ஊசல் கடிகாரம், நீல வெள்ளைப் பீங்கான், பித்தளை விளக்குகள், பெட்டி கேமராக்கள், பழைய புகைப்பட ஆல்பங்கள், பூவேலை செய்த படுக்கை விரிப்புகள், வட்டமான மர மேஜை, வளைத்த மரத்தில் செய்த நாற்காலிகள், வெள்ளிக் கரண்டிகள், ஈயப் பொம்மைச் சிப்பாய்கள், வால்வு ரேடியோ, துணிக்கட்டுப் போட்ட புத்தகங்கள், ரசம் போன பெரிய நிலைக்கண்ணாடி. இது போக யாருக்கும் என்னவென்று தெரியாத பெட்டிகள். எல்லாம் எல்லா அறையிலும் இருந்தன. ஆல்பம் ஜன்னல் திண்டில் வெயில் காய்ந்தது, பீங்கான் வெளிச்சமே படாத இருட்டு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதாவது, எது வெளிச்சம் தாங்காதோ அது வெளிச்சத்தில், எதை எவ்வளவு வெளிச்சமும் ஒன்றும் செய்யாதோ அது இருட்டில்.

சுவர்

அறையை அழகாக்கக் கூப்பிட்டவர்களிடம் சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேலே வண்ணம் உப்பிக் கொப்பளித்திருந்தது, விரலால் தட்டினால் வெள்ளைப் பொடி கொட்டியது. எப்போதோ யாரோ ஈரத்தை மறைக்கக் கீழே சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி, மெதுவாக வெளியே விட்டுவிடும், அப்படித்தான் அது இத்தனை வருடம் நின்றது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்தில் உப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இந்த நிலையில் இதன்மேல் எந்த விலையில் எந்த வண்ணம் அடித்தாலும் அடுத்த வருடம் அதே கொப்பளம்தான்.

சிமென்ட்டை உடைத்தெடுத்து, வெளிப்பக்கம் மண் மேடேறியிருந்ததை இறக்கி, சுவரைக் காயவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினோம். நனைந்த சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மருமகனுக்கு இது பெரிய சோதனையாக இருந்தது, அவர் அதற்குள் வண்ண அட்டைகளை வாங்கி வைத்திருந்தார். சரி, காத்திருக்கிற நேரத்தில் சரக்கைப் பிரிக்கலாம் என்று அந்தப் பக்கம் திருப்பினேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பழைய வீட்டில் கதவு, ஜன்னல், மரச்சட்டங்களில் இருக்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது. அமெரிக்காவிலேயே வீட்டு வண்ணத்தில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான், அதற்கு முந்தைய வண்ணம் எங்கே இருந்தாலும் சந்தேகப்படுவது நல்லது. இங்கே ஜன்னல் சட்டங்களில் இருந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசியாகி வீடு முழுக்கப் போகும், அதனால் உரிந்த இடங்களை மட்டும் நனைத்து எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டு மேலே புது வண்ணம் அடித்தோம். ஜன்னலில் பழைய கண்ணாடி, வெளியே பார்த்தால் மரமெல்லாம் லேசாக நெளியும். கண்ணாடி காலப்போக்கில் வழிந்து இறங்கி அப்படி ஆகிவிட்டது என்று பெரியவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்தக் காலத்தில் ஊதிச் செய்த விதம், பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஒரே சீராகப் பளபளக்கும் இன்றைய மிதவைக் கண்ணாடியைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959-இல். ஆகவே நெளிகிற கண்ணாடியைக் கழற்றிப் போடச் சொன்ன ஒப்பந்தக்காரரின் யோசனையை ஏற்கவில்லை, இப்போது அது போனால் திரும்பக் கிடைக்காது.

எது என்ன என்று பார்த்தது

எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வட்ட மேஜையில் தொடங்கினோம். மிகப் பழையது என்று பெரியவர் சொன்னார், மருமகன் நம்பவில்லை. டேப்பை எடுத்து மர ரேகை ஓடும் திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை அளந்தோம். குறுக்கே அரை அங்குலத்துக்கு மேல் குறைவாக இருந்தது. மரம் ரேகையின் நீளவாக்கில் பெரும்பாலும் மாறாது, குறுக்குவாக்கில் சுருங்கும், அதனால் வட்டமாகச் செய்த பலகை வருடங்கள் போகப் போக முட்டை வடிவத்துக்கு நகர்ந்துவிடும். இன்னும் கச்சிதமான வட்டமாக இருக்கும் கெட்டி மர மேஜையை எவ்வளவு பழையது என்று சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். இந்த மேஜை பெரியவர் சொன்னபடியே பழையதுதான். அடியில் படுத்து டார்ச் அடித்தால் நேர்கோட்டில், சற்றே ஒழுங்கில்லாமல் ஓடும் கை ரம்பத் தடங்கள் தெரிந்தன. வட்ட ரம்பத்தில் அறுத்த பலகையில் வளைவு வளைவாகத் தடம் இருக்கும்.

அடுத்தது இழுப்பறைகள் வைத்த எழுதுமேஜை, மேலே கண்ணாடிக் கதவுபோட்ட அலமாரி. வீட்டிலேயே விலை உயர்ந்தது என்று நினைத்து யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். கீழ்ப்பகுதி இழுப்பறையை வெளியே எடுத்துப் பார்த்தால் மூலையில் டவ்டெயில் இணைப்பு (புறா வால் வடிவப் பற்கள் கோத்த மர இணைப்பு) ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம், கையால் வெட்டியது. மேல்பகுதியில் உள்ள சின்ன இழுப்பறைகளில் எல்லாம் ஒரே அளவு, இயந்திரத்தில் வெட்டியது. பின்பலகையின் மரமும் வேறு. ஒரு தலையில் நட்சத்திரத் திருப்புளிக்கான பிலிப்ஸ் திருகாணி, அது 1930-களில்தான் புழக்கத்துக்கே வந்தது. மொத்தத்தில் இரண்டு தனித்தனி மேஜைகளின் பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் மகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது: சந்தை மதிப்பு குறைந்துபோன இந்த ஒன்றில்தான் தயங்காமல் பின்பலகையில் துளை போட்டு ஒயர் இழுக்க முடிந்தது. இப்போது வீட்டின் ரூட்டர், சார்ஜர், கணக்கு நோட்டு எல்லாம் அதற்குள். எல்லாப் பொருளும் ஒரே மரியாதைக்கு உரியதில்லை என்று தெரிந்துகொள்வதற்காகவாவது இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம்.

வளைத்த மர நாற்காலிகளை எல்லோரும் தோனெட் என்றுதான் சொல்வார்கள். மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான்; பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். காப்புரிமை 1869-இல் முடிந்ததும் நிறையப் பேர் அதையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே இருக்கை விளிம்பின் அடியில் தேடினோம், முத்திரையும் இல்லை, சீட்டும் இல்லை. வேறு யாரோ செய்தவை என்றே வைத்துக்கொண்டோம். இவற்றையும் தினசரி உபயோகத்துக்கு விட்டாயிற்று, கிழிந்த பிரம்புப் பின்னலை மட்டும் புதிதாகப் போட்டோம். மகள் கேட்ட நாற்காலி இப்படித்தான் காலியானது.

பீங்கானில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890-இல் வந்த பிறகு, அங்கே அனுப்பும் சரக்கில் எந்த நாடு என்று போட வேண்டியதாயிற்று. அதனால் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது, 'இன்ன நாட்டில் செய்தது' என்று முழு வாக்கியமாகவே இருந்தால் அனேகமாக 20-ஆம் நூற்றாண்டு. பெயர் இல்லாததாலேயே பழையது என்று அர்த்தமில்லை, வேறு நாட்டுக்கு விற்றதில் அது தேவைப்பட்டிருக்காது.

தொடுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

சேகரிப்பவர்கள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் பழைய பொருளில் விஷமும் நெருப்பும் உண்டு. பளிச்சென்ற பச்சைத் துணிக்கட்டுப் போட்ட 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்று இருந்தன. 1775-இல் ஷீலே கண்டுபிடித்த பச்சையிலும், 1814-இல் வந்த மரகதப் பச்சையிலும் ஆர்சனிக் உண்டு, சுவர்த்தாளிலும் செயற்கைப் பூக்களிலும் துணியிலும் அந்தக் காலத்தில் தாராளமாகப் போட்டார்கள். அமெரிக்காவில் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019-இல் தொடங்கி இப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடிப் பட்டியல் போட்டுவருகிறது. கையுறை போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி மூடும் பைக்குள் வைத்து மேல் தட்டுக்கு ஏற்றினோம். அலங்காரத்துக்குப் பச்சை முதுகு வரிசை அழகாக இருக்கும் என்று மருமகன் எடுத்து வைத்திருந்தவை அவை.

இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த வண்ணம் பூசிய முட்களோடு ஒரு மேஜைக் கடிகாரம். இப்போது ஒளிர்வதில்லை, அதனால் ரேடியம் தீர்ந்துபோனது என்று நினைக்கிறார்கள். தீர்ந்துபோனது ஒளிரும் பொருள்தான், ரேடியத்தின் அரையாயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 வருடம். கண்ணாடி மூடியைத் திறக்காமல், உள்ளே எதையும் சுரண்டாமல், படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும்.

பெயர் தெரியாத பெட்டிகளில் ஒன்றில் படச்சுருள்கள். 1950-களின் தொடக்கம் வரைக்கும் 35 மி.மீ. சினிமாச் சுருளை நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்கூட எரியும், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே இருக்கிறது. இதை வீட்டில் வைத்து விளையாட வேண்டாம் என்று ஒரு ஆவணக் காப்பகத்தைக் கேட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன். இன்னொரு பெட்டியில் காடி வாசனை அடித்தது, அது அசிட்டேட் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த சுருள் சிதையும் வாசனை. நெருப்புப் பயம் இல்லை, ஆனால் பக்கத்தில் உள்ள நல்ல சுருளையும் கெடுக்கும்.

நிலைக்கண்ணாடிக்கு வருவோம். வெள்ளைத் தாளின் விளிம்பைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், வெள்ளி பூசிய பிற்காலக் கண்ணாடியில் பிம்பம் கொஞ்சம் மஞ்சளாகவும், பாதரசமும் வெள்ளீயமும் கலந்து பூசியதில் நீலச் சாம்பலாகவும் தெரியும். லீபிக் வெள்ளி பூசும் முறையை 1835-இல் கண்டுபிடித்த பிறகும் பாதரச முறை உடனே போய்விடவில்லை. இது சாம்பல். சட்டத்தின் கீழ் விளிம்பைப் பார்த்தோம், பாதரசத் துளி எதுவும் இறங்கவில்லை. புதிதாக ரசம் பூசிவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். வேண்டவே வேண்டாம். முகம் பார்க்க வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம், இது வெளிச்சத்தை மங்கலாகத் திருப்பித் தருவதற்கு.

அறை பிரித்தது

அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் அளவு இது: துணி, நீர்வண்ணம், பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கும் மரத்துக்கும் 200 வரை. கல், உலோகம், பீங்கானுக்குக் கட்டுப்பாடே கிடையாது. முன்னறையில் வெயில் விழும் இடத்தில் வெளிச்ச மீட்டரை வைத்தால் பல்லாயிரத்தில் நிற்கும். வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பாதது. 20,000 லக்ஸில் ஒரு மணி நேரம் கிடப்பதும் 50 லக்ஸில் 400 மணி நேரம் கிடப்பதும் சாயத்துக்கு ஒன்றுதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் போதும் என்பார்கள். அது சேதத்தைக் குறைக்கும், நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னத்தான் செய்கிறது.

ஆகவே முன்னறைக்குப் பீங்கான், பித்தளை, கல், கண்ணாடிக் குடுவைகள். நடைக்குப் புகைப்படமும் நீர்வண்ணமும். மேலே படுக்கையறைக்குத் துணி. சாப்பாட்டு அறைக்கு மரமும் வெள்ளியும், தினமும் கைபடும் எல்லாமும். காலக் கணக்குப் போட்டிருந்தால் 19-ஆம் நூற்றாண்டுப் பூவேலை விரிப்பு மேற்கு வெயிலுக்கு வந்திருக்கும், அதை ஒரு நாள் மாலை மீட்டரோடு காட்டிய பிறகு மருமகன் அதிகம் வாதாடவில்லை.

இதில் நான் முன்னாலேயே யோசிக்காத ஒரு லாபம் இருந்தது. ஒரே மாதிரி தாங்கும் பொருள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி பொருளால் ஆனவையாக இருக்கும், அதனால் பார்ப்பதற்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். முன்னறையில் இருநூறு வருட இடைவெளி உள்ள சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் எல்லாமே வெயிலில் மின்னுகிறவை, நீலமும் மஞ்சளுமாக ஒரே குடும்பம்போலத் தெரிகிறது. சுவருக்கு நிறம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, மங்கிய சுண்ணாம்பு வெள்ளையே போதும் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

நடைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக்கலைஞரின் வீடு, 1833-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. அங்கே 1824-இல் கட்டிய படத்துக்கான அறை சுமார் 4 மீட்டர் சதுரம்தான், ஆனால் சுவர்களே கீல் போட்ட கதவுகளாகத் திறக்கும், உள்ளே இன்னொரு அடுக்குப் படங்கள், நூற்றுக்கும் மேல் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவர் இடம் போதாமல் செய்ததை நாங்கள் வெளிச்சத்துக்குப் பயந்து செய்தோம். நடையின் ஒரு பக்கம் தரையிலிருந்து மேல் சட்டம் வரை மரத் தூண்கள் நிறுத்தி, அதில் கீல் போட்டுப் பலகைகள். வெளிப்பக்கம் நகல் புகைப்படங்கள். திறந்தால் உள்பக்கம் அசல். மூடியிருக்கும்போது முழு இருட்டு, பார்க்க ஆள் வந்தால் மட்டும் திறப்பது, விளக்கு தானாக அணைந்துவிடும். எல்லாம் எதிரே இருக்க வேண்டும் என்ற பெரியவரின் கணக்கு இங்கே ஏறக்குறைய நிறைவேறியது, விருந்தாளிக்குப் பலகையைத் திறந்து காட்டுவது அவருக்கு இப்போது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. படங்களின் பின்னால் இருந்த மஞ்சள் அட்டைகளைத் தூக்கிப்போட்டு அமிலமில்லாத அட்டை மாற்றினோம். சுவரில் ஆணி அடிக்கவில்லை, பழைய சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும்; மற்ற அறைகளிலும் மேலே ஓடும் மரச்சட்டத்தில் கொக்கி மாட்டிக் கம்பியில்தான் தொங்குகின்றன, படத்தின் நடு ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்துக்கு வரும்படி.

மாடிப்படித் திருப்பத்தில் கடிகாரம். எட்டு நாளுக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டியது, ஆனால் ஐந்தாறு நாளில் நின்றுவிடும், மறுபடி சாவி கொடுத்தால் ஓடும். பல் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று பெரியவர் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார். பெட்டி மரத்தரையில் சும்மா நின்றதுதான் காரணம். ஊசல் ஆடும்போது பெட்டியும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடுகிறது. எடைக்கல் இறங்கி இறங்கி, அதன் கயிறு ஊசலின் நீளத்துக்கு வரும்போது (ஒரு விநாடி ஊசல் ஏறத்தாழ 99.4 செ.மீ.) எடைக்கல்லும் அதே தாளத்தில் ஆட ஆரம்பித்து, ஊசலின் வேகத்தைத் தின்றுவிடும். பெட்டியின் முதுகைச் சுவரில் இரண்டு திருகாணியால் இறுக்கினோம். அதற்குப் பிறகு எட்டு நாளும் ஓடுகிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் யாராக இருந்தாலும் இதைப் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டு அறையில் பெரிய ஓக் அலமாரி. அதன் இழுப்பறைக்குள் ஈயச் சிப்பாய்கள் பஞ்சில் சுற்றிப் பத்திரமாக இருந்தார்கள், அதுதான் பிரச்சினை. ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், மூடிய இழுப்பறையில் அது ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். சில சிப்பாய்களுக்குக் கால் போயிருந்தது. பொடியும் விஷம், துடைத்த துணியோடு தூக்கிப்போட்டு, மிச்சமிருந்தவர்களைக் கண்ணாடியும் உலோகமுமான பெட்டிக்கு மாற்றினோம். வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் வளையம் போட்டுக் கம்பளித் துணியில் சுற்றியிருந்தார்கள், இரண்டிலும் கந்தகம் உண்டு, இரண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். என்னைக் கேட்டால் வெள்ளியைத் தினமும் எடுத்துப் புழங்குவது நல்லது; கழுவித் துடைக்கிற வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை, வருடத்துக்கு ஒரு முறை பாலிஷ் போட்டுத் தேய்த்தால்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி போகிறது.

வட்ட மேஜையும் இந்த அறைக்கே வந்தது. அதைச் சுரண்டிப் புது பாலிஷ் போட வேண்டும் என்று மருமகன் சொன்னார், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறைவான இடத்தில் ஆல்கஹால் தொட்டுப் பார்த்தோம், பிசுபிசுத்தது, அதாவது அரக்குப் பாலிஷ். அதைக் கழுவி எடுத்தால் வருடக்கணக்கில் கைபட்டு வந்த நிறமும் போய்விடும். தூசி துடைத்து, மெழுகு போட்டு, மேலே கனமான விரிப்பு. சூடான பாத்திரம் மட்டும் நேராக வைக்காமல் இருந்தால் போதும்.

படுக்கையறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு ஃபிலிமும் திரையும், ஆள் இல்லாதபோது திரை மூடியே இருக்கும். விரிப்பின் மேல் விளிம்பு முழுக்கப் பருத்தி நாடாவோடு வெல்க்ரோ தைத்துத் தொங்கவிட்டோம், கிளிப் போட்டால் இழுக்கும் இடத்தில் கிழியும். சில மாதத்துக்கு ஒரு விரிப்பு, மற்றவை மடிக்காமல் உருளையில் சுற்றி வைத்திருக்கிறது. ஒரு மரப்பெட்டியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்துக் கவனித்தோம், புதிய வெளிறிய பொடி விழுந்தது, வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பெட்டி சிறியது என்பதால் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றிப் பெரிய ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இரண்டு வாரம்.

இப்போது

வேலை முடிந்து நாலு பருவமும் பார்த்தாயிற்று. முன்னறைச் சுவரில் உப்பு இல்லை. ஈரப்பதமானி படுக்கையறையிலும் நடையிலும் பெரும்பாலும் 45-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே நிற்கிறது. 65, 70-ஐத் தாண்டினால்தான் பூஞ்சணம் பற்றிக் கவலைப்பட வேண்டும். முன்னறையில் ஏற்ற இறக்கம் அதிகம், ஆனால் அங்கே இருக்கும் சரக்குக்கு அது பொருட்டில்லை. நடைப் பலகைகளில் ஒன்று கனத்தால் கீழே சரிய ஆரம்பித்தது, நீளம் முழுக்க ஓடும் பியானோ கீலுக்கு மாற்றிய பிறகு நிற்கிறது. புத்தக அலமாரியை வெளிச்சுவரிலிருந்து காற்றுப் போகும் அளவு நகர்த்தியும் பழைய வாடை முழுதாகப் போகவில்லை, சில புத்தகங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வால்வு ரேடியோவைப் பெரியவர் நேராக பிளக்கில் சொருகப் பார்த்தார். உள்ளே மெழுகுத்தாள் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை ஒழுகவிடும் நிலையில் இருக்கும், ரப்பர் உறைபோட்ட ஒயர் தொட்டால் உதிரும். மெக்கானிக் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று எடுத்துப்போயிருக்கிறார், சாப்பாட்டு அறையில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

மருமகனின் 1950-கள் படுக்கையறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர் தனியாகச் சேர்த்த பிளாஸ்டிக் விளக்குகள், சீப்புகள், பவுடர் பெட்டிகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருக்கின்றன. பேக்கலைட் என்றால் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் ஃபார்மலின் வாடை வரும், அதைத் தயங்காமல் வைக்கலாம். செல்லுலாய்டு என்றால் அது விடும் ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தையும் துணியையும் அரிக்கும், நெருப்பும் ஆகாது. பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, பிரித்து முடித்த பிறகுதான் மேலே ஏற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.